மணம் வராத தூரம்

கேரவனை இரவல் தந்தவர் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். அதையும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். உள்ளே பொரிப்பது, காய்ச்சுவது மட்டும் வேண்டாம், தன் மனைவிக்கு மூக்கு கொஞ்சம் கூர்மை என்று. அவர் சுவிஸில், இன்டர்லாக்கனில் நான் வேலை செய்யும் ஹோட்டல் குசினியின் தலைமைச் சமையல்காரர். இருபத்திரண்டு வருடமாக அவருக்குப் பக்கத்தில் நின்று வெங்காயம் வெட்டுகிறேன். அவர் பகிடியாகச் சொல்வதை நான் சட்டமாக எடுத்துக்கொள்வேன். சட்டமாகச் சொன்னால் எனக்குக் காய்ச்சல் வரும்.

பயணம் மகளின் யோசனை. அவள் இங்கேயே பிறந்தவள், ஆஸ்பத்திரியில் தாதியாக இருக்கிறாள்.

“அப்பா, நாங்கள் ஒருக்காவது லீவுக்குப் போயிருக்கிறமோ?” என்று கேட்டாள்.

பாரிஸ், லண்டன், டொரொன்டோ என்று நான் விரல் மடக்கினேன்.

“அது லீவு இல்லை அப்பா. அது பெரியப்பா வீடு, மாமி வீடு, சித்தி வீடு. ஒருத்தரையும் தெரியாத இடத்துக்குப் போனால்தான் லீவு.”

ஒருத்தரையும் தெரியாத இடத்துக்குப் போவதற்கு என் அகராதியில் லீவு என்று பெயர் இல்லை, அகதி விண்ணப்பம் என்று பெயர். அதை ஒருமுறை செய்தாயிற்று. ஆனால் மகளும் மனைவியும் ஒரே பக்கம் நின்றால் எங்கள் வீட்டில் வாக்கெடுப்பு முடிந்தது என்று அர்த்தம். மனைவி ஒன்றை மட்டும் சொல்லி வைத்தாள்.

“நான் வாறன். ஆனால் நாலு நாளும் பாணும் சீஸும் தின்னமாட்டன். எனக்கு ஒரு நேரமாவது ஒழுங்கான குழம்பு வேணும்.”

அவள் சாமான் அடுக்கிய பையில் நெத்தலிக் கருவாடு இருந்தது எனக்குத் தெரியும். ஐந்து பிளாஸ்டிக் பைகளுக்குள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுற்றி, ஒரு டப்பாவுக்குள் போட்டு, அந்த டப்பாவையும் துவாயால் கட்டியிருந்தாள். அப்படியும் நான் காரின் பின்கதவைத் திறந்து இரண்டு தரம் மோந்து பார்த்தேன்.

மணம் பற்றிய என் பயத்துக்கு ஒரு தொடக்கம் உண்டு. கல்யாணமான புதிதில் நாங்கள் இருந்த தொடர்மாடியில், மனைவி முதன்முதலாக மீன் பொரித்த அன்று, கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஹவுஸ்வார்ட் வந்து மணியடித்தார். சண்டை பிடிக்கவில்லை. மேல்மாடிக்காரர் கேட்கிறார்கள், இங்கே ஏதாவது எரிகிறதா என்று மட்டும் விசாரித்தார். நான் இல்லை இல்லை என்று பத்துத் தரம் சொல்லி, மன்னிப்புக் கேட்டு, கதவைச் சாத்திவிட்டுக் கதவோடு சாய்ந்து நின்றேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பொரியல் என்றால் பல்கனியில்தான், பனி கொட்டினாலும். சமைக்கத் தொடங்கமுன் படுக்கையறைகள் பூட்டப்படும், ஜாக்கெட்டுகள் உறைக்குள் போகும், வாசல் கதவின் அடியில் ஈரத் துவாய் வைக்கப்படும். மகள் சின்னவளாக இருந்தபோது பள்ளிக்கூடம் போகமுன் அவளுடைய தலைமயிரை மோந்து பார்த்துத்தான் அனுப்புவேன். மற்றத் தகப்பன்மார் கொஞ்சி அனுப்புவார்கள்.

எங்கடின் பள்ளத்தாக்குக்குப் போகும் மலைப்பாதையில் கேரவனை இழுத்துக்கொண்டு ஏறியதைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. ஒவ்வொரு வளைவிலும் நான் மூச்சைப் பிடித்தேன், நேர்ப்பாதை வந்ததும் விட்டேன். நேர்ப்பாதைகள் மிகக் குறைவு. பின்னால் மஞ்சள் நிறப் போஸ்ட் பஸ் ஒன்று வந்து, அந்த மூன்று சுரக் கோர்னை ஊதியது. எனக்கு அது என் செத்தவீட்டு மேளம்போலக் கேட்டது.

“ஒதுங்கி விடுங்கோ அப்பா, அவருக்கு நேர அட்டவணை இருக்கு,” என்றாள் மகள்.

“ஒதுங்கினால் பள்ளம் இருக்கு பிள்ளை.”

“இஞ்சருங்கோ, கண்ணைத் திறந்து வைச்சுக்கொண்டு ஓடுங்கோ,” என்றாள் மனைவி.

நாங்கள் போன இடம் ஒரு பக்கப் பள்ளத்தாக்கின் முடிவு. கடைசிக் கிராமம் முடிந்து, தார் ரோட்டும் முடிந்து, போனில் கோடுகளும் ஒவ்வொன்றாக முடிந்து, அதற்குப் பிறகு ஆற்றங்கரையில் ஒரு புல்வெளி. அதுதான் காம்பிங். காலையில் கிராமத்திலிருந்து ஒரு பெண் பாண் கொண்டுவந்து தந்துவிட்டுப் போவாள். பிறகு அடுத்த காலைவரை மலையும் ஆறும் நாங்களும்தான். எங்களைவிட ஒரே ஒருவர் இருந்தார். ரயில்வேயில் வேலை செய்து ஓய்வு பெற்ற சுவிஸ்காரர். தூரக்கண்ணாடியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, நாள் முழுக்கக் கதிரையில் இருந்து பறவை பார்ப்பார். காலையில் வணக்கம் சொல்லுவார், பின்னேரம் வணக்கம் சொல்லுவார், நடுவில் ஒன்றும் சொல்லமாட்டார்.

எனக்கு அங்கே எல்லாவற்றுக்கும் பயமாக இருந்தது. ஓநாய் இருக்கிறது என்று மகள் எங்கோ வாசித்திருந்தாள். கேரவனின் காஸ் சிலிண்டர் வெடிக்குமோ என்று பயம். கைப்பிரேக் விட்டு நாங்கள் படுத்தபடியே ஆற்றுக்குள் உருண்டுவிடுவோமோ என்று சில்லுகளுக்கு முன்னால் நான் அடுக்கிய கற்களைப் பார்த்து மகள், “அப்பா கோயில் கட்டுறீங்களோ?” என்றாள். ஆற்றுக்கு மட்டும் எனக்குப் பயம் வரவில்லை. ஏனென்றால் அதில் தண்ணீரே இல்லை. அகலமான ஆற்றுப்படுகை, அது நிறைய வெள்ளைக் கற்கள், எங்கள் கரையோரமாகக் கணுக்காலளவில் ஓடும் பச்சைத் தண்ணீர். அதைத் தாண்டினால் நடுவில் பெரிய கல்லுமேடு, நாலைந்து பற்றைகள். அதற்கும் அப்பால் காய்ந்த கற்கள்தான், பிறகு மற்றக் கரையில் காடு. சத்தம் மட்டும் பெரிதாக இருந்தது. எனக்குத் தெரிந்த சில மனிதர்களைப்போல.

முதல் நாளே நான் அந்த ஓடையில் குளித்தேன். எலும்புக்குள் ஐஸ் ஊசி ஏற்றியதுபோல இருந்தது. குளித்து முடித்ததும் இடுப்பில் கட்டியிருந்த ஈரச் சாரத்தைக் காயப்போட இடம் தேடினேன். ஆற்றுக்கு இறங்கும் பாதையில் ஒரு தூணில் மஞ்சள் பலகை ஒன்று நின்றது. சரியான உயரம், சரியான வெயில், தகரம் சூடாகவே இருந்தது. மேலே ஒரு மனிதன் ஓடுவதுபோலப் படம். இந்த நாட்டில் காட்டுக்குள் ஓடிப் பழகுவதற்கென்று பாதை வைத்து, அதற்குப் பலகையும் வைப்பார்கள். அதுதான் இது என்று நினைத்துக்கொண்டு சாரத்தை அதன்மேல் விரித்தேன். முப்பது வருடமாக இந்த நாட்டின் பலகைகளை வாசித்து எனக்கு அலுத்துவிட்டது. வாசித்தால் நான் ஏற்கெனவே செய்துமுடித்த ஏதோ ஒன்றைச் செய்யக் கூடாது என்று அதில் இருக்கும். ஒரு மணித்தியாலத்தில் சாரம் மொறுமொறுவென்று காய்ந்தது. இரண்டாம் நாளும் அங்கேதான் போட்டேன். மூன்றாம் நாளும்.

மூன்றாம் நாள் காலையில் மனைவி கருவாட்டு டப்பாவை எடுத்து மேசையில் வைத்தாள். நல்ல வெயில், ஒரு முகில்கூட இல்லை.

“இண்டைக்கு என்ரை நாள்,” என்றாள்.

“கேரவனுக்குள்ளை வேண்டாம்.”

“உள்ளுக்கெண்டு ஆர் சொன்னது? சின்ன அடுப்பை வெளியில வைச்சுக் காய்ச்சுறன்.”

வெளியே, கூடாரத் துணிக்குக் கீழே அடுப்பை வைத்தாள். வெங்காயம் வதங்கும்போதே நான் உள்ளே போய்த் திரைச்சீலையை மோந்து பார்த்தேன். சந்தேகமே இல்லை. வெளியே வந்து, கொஞ்சம் தள்ளி வையும் என்றேன். பலகைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாள். காற்று ஆற்றிலிருந்து நேரே எங்கள் ஜன்னலுக்கு வந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளி என்றேன். ஆற்றோரக் கல்லுக்குப் போனாள். அங்கே ஆற்றுச் சத்தத்தில் நான் கத்துவது கேட்காது என்பதால் ஒரு ஒழுங்கு செய்துகொண்டோம். நான் சிவப்புத் துவாயை ஆட்டினால் மணம் வருகிறது, இன்னும் தள்ளிப் போகவேண்டும். இரண்டு கைகளையும் மேலே தூக்கினால் போதும், அங்கேயே நிற்கலாம். இதைச் சொல்லிக்கொடுத்தபோது அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

“உங்களை ஏர்போர்ட்டில வேலைக்கு எடுத்திருக்க வேணும்,” என்றாள்.

நான் உள்ளே போய் ஜன்னலோடு மூக்கை வைத்தேன். கருவாடு சட்டிக்குள் விழுந்திருக்க வேண்டும். வெளியே ஓடிவந்து துவாயை ஆட்டினேன். அவள் அடுப்பையும் சட்டியையும் சாமான் பையையும் இரண்டு நடையாகத் தூக்கிக்கொண்டு, நான் முதல்நாள் போட்டுவைத்த படிக்கற்களில் கால் வைத்து, ஓடையைத் தாண்டி நடுமேட்டுக்குப் போனாள். அங்கே அடுப்பைப் பற்றவைத்து எனக்கு முதுகைக் காட்டிக் குந்தியிருந்தாள். நான் இரண்டு கைகளையும் தூக்கினேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்போது மகள் குளித்துவிட்டு வந்தாள். பலகையில் என் சாரம் தொங்குவது அவளுக்கு வந்த நாளிலிருந்தே வெட்கம்.

“அப்பா, இதை முதல் எடுங்கோ. அந்தப் பெரியவர் எந்த நேரமும் இஞ்சதான் பாத்துக்கொண்டிருக்கிறார்,” என்று சொல்லிக்கொண்டே தானே உருவி எடுத்தாள். எடுத்தவள் மடிக்கவில்லை. பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அப்பா, இது என்ன போர்ட் எண்டு தெரியுமோ?”

“ஓடிப் பழகிற பாதை.”

“இல்லை. அவர் தண்ணிக்குப் பயந்து ஓடுறார். பின்னால அலை இருக்கு. மேல அணைக்கட்டு இருக்காம், எந்த நேரமும் திறப்பினமாம். ஆத்துக்குள்ள நிக்க வேண்டாமாம், உயிராபத்தாம்.”

“அது மழைக்காலத்துக்குப் பிள்ளை. இண்டைக்குப் பார், வெயில் எறிக்குது.”

“அதைத்தான் கடைசி வரியில போட்டிருக்கு. நல்ல வெயிலிலயும் வருமாம்.”

நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் ஆற்றைப் பார்த்தோம்.

தண்ணீரின் நிறம் மாறியிருந்தது. காலையில் பச்சையாக, அடியில் கிடக்கும் கல்லை எண்ணக்கூடியதாக இருந்தது. இப்போது பால் குறைந்த தேத்தண்ணிபோல இருந்தது. அதில் ஒரு மரக்கொப்பு சுழன்றுகொண்டு போனது. நான் போட்ட படிக்கற்கள் ஏழு. மூன்றுதான் தெரிந்தன. நான் பார்த்துக்கொண்டிருக்க ஒன்று மறைந்தது. எந்த ஆரவாரமும் இல்லை. ஒரு அலையும் வரவில்லை, இரைச்சலும் கூடவில்லை. பாத்திரத்தில் தண்ணீர் ஏறுவதுபோல ஏறியது.

மனைவி எங்களுக்கு முதுகைக் காட்டிக் குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

எனக்கு நீந்தத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. முதலில் நான் கத்தினேன். என் குரல் என் காதுக்கே வரவில்லை. மகள் கத்தினாள். பிறகு கையில் என்ன இருக்கிறது என்று யோசிக்காமல் அதை ஆட்டினேன். துவாய். சிவப்புத் துவாய்.

அவள் திரும்பிப் பார்த்தாள். ஒரு கையை இடுப்பில் வைத்தாள். அடுப்பை நிறுத்தினாள், சட்டியைத் தூக்கிக்கொண்டு எங்களைவிட்டு எதிர்ப்பக்கமாக நடக்கத் தொடங்கினாள்.

“ஐயோ அப்பா! ஆட்டாதேங்கோ! அம்மா அங்கால போறா!”

நான் துவாயை எறிந்துவிட்டு, நிற்பாட்டவென்று இரண்டு கைகளையும் மேலே தூக்கினேன். அவள் உடனே நின்றாள். மேட்டின் நடுவில் சட்டியை இறக்கிவைத்து, திரும்பிப்போய் அடுப்பை எடுத்துவந்து, மறுபடி பற்றவைக்கக் குனிந்தாள். முப்பது வருடத்தில் அவள் நான் சொன்னதை இவ்வளவு ஒழுங்காகக் கேட்டது இல்லை.

தண்ணீரைக் கையால் சுட்டிக் காட்டினேன். அவள் தன் காலைப் பார்த்தாள். கால் காய்ந்துதான் இருந்தது. மேடு நடுவில் உயரம், அங்கிருந்து பார்த்தால் எங்கள் பக்கத்து ஓடை சரிவுக்குக் கீழே மறைந்திருக்கும். அவளுக்கு ஆறு தெரியவில்லை, எங்களைத்தான் தெரிந்தது. கரையில் நின்று கூத்தாடும் புருஷனும் மகளும்.

நான் தண்ணீருக்குள் இறங்கினேன். வீரம் என்று யாரும் நினைக்கவேண்டாம், எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. இரண்டாம் அடியில் முழங்கால், மூன்றாம் அடியில் தொடை. குளிர் தெரியவில்லை. காலுக்குக் கீழே கிடந்த கல் தானாக நகர்ந்து போனதுதான் தெரிந்தது. நிலம் நடந்தால் எப்படி இருக்கும் என்று எனக்கு அன்று தெரியவந்தது. நான் விழுந்தேன். வாய்க்குள் மணல் தண்ணீர் வந்தது. யாரோ என் சட்டைக் கொலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்கள். மகள். அவளும் இடுப்பளவில் நின்றாள். அவளைத் தண்ணீருக்குள் கண்டதும் எனக்கு வந்த பயம் முந்தைய பயத்தை எல்லாம் தின்றுவிட்டது.

“நீ வெளிய போ! போ!”

“நீங்களும் வாங்கோ! நான் நீந்திப் போறன், எனக்குத் தெரியும்.”

“தெரியத் தேவையில்லை!”

அவளுடைய கையை நான் பிடித்தேன், என் கொலரை அவள் விடவில்லை. ஒருவரை ஒருவர் இழுத்துக்கொண்டு கரையில் வந்து விழுந்தோம். அவள் திரும்பவும் எழும்பினாள். நான் அவளுடைய காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தேன். அங்கே மனைவி. இங்கே மகள். கையில் இருப்பதை விட்டால் இரண்டும் போய்விடும் என்று மட்டும் மனதில் ஓடியது. அப்படியே கிடந்து, உலகத்தில் உள்ள எல்லாக் கடவுளையும் கூப்பிட்டேன். எங்கள் கடவுள் பதில் சொல்லாததால் மாதாவையும் கூப்பிட்டேன்.

வந்தவர் பக்கத்துப் பெரியவர். அவ்வளவு வயதான மனிதர் அவ்வளவு வேகமாக ஓடிவருவார் என்று நான் நினைக்கவில்லை. தூரக்கண்ணாடி நெஞ்சில் அடித்துக்கொண்டிருந்தது. அவர் சுவிஸ் ஜெர்மனில் மூச்சு வாங்க வாங்கச் சொன்னார்.

“யாரும் இறங்காதீர்கள். இந்தப் பக்கம்தான் ஆழம். உங்கள் மனைவி இந்தப் பக்கம் வரக் கூடாது. அந்தப் பக்கம் போகவேண்டும். மேட்டுக்கு அப்பால் உள்ள பழைய ஆற்றுக்குக் கடைசியாகத்தான் தண்ணீர் வரும். நான் பத்துக் கோடையாகப் பார்க்கிறேன். இன்னும் காய்ந்திருக்கிறது. ஆனால் உடனே போகவேண்டும். அவருக்கு எப்படியாவது சொல்லுங்கள், தூரப் போகச் சொல்லுங்கள்.”

மகள் என்னைப் பார்த்தாள். நான் மகளைப் பார்த்தேன்.

“அப்பா. துவாய்.”

துவாயை எடுத்து ஆட்டினேன். அவள் நிமிர்ந்தாள். இரண்டு கைகளையும் விரித்து, என்ன என்று கேட்டாள். அவள் கேட்டது எனக்குக் கேட்காமலே விளங்கியது. இப்பத்தானே போதும், காணும் எண்டனீங்கள். நான் இன்னும் பலமாக ஆட்டினேன். அவள் அசையவில்லை. அடுப்பைக் காட்டினாள், சட்டியைக் காட்டினாள், இந்த மனுசனுக்கு விசர் என்று தலையில் கை வைத்தாள். மேட்டின் எங்கள் பக்க விளிம்பில் கற்கள் ஒவ்வொன்றாக நனைந்தன.

நான் மூக்கைப் பொத்தினேன். ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மறுகையால் துவாயை ஆட்டினேன். தாங்கமுடியவில்லை என்று முகத்தைச் சுழித்தேன். மகள் பக்கத்தில் நின்று அழுதுகொண்டே மூக்கைப் பொத்தினாள். அவள் கழுத்தில் கிடந்த தன் துவாயை எடுத்து ஆட்டினாள். பெரியவர் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். தன் தொப்பியைக் கழற்றி ஆட்டத் தொடங்கினார், மற்றக் கையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

அதுதான் அவளைச் சுட்டது. புருஷன் சொல்வது வேறு, முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரர் எழும்பிவந்து மூக்கைப் பொத்துவது வேறு. ஹவுஸ்வார்ட் மணியடித்த அன்று கதவுக்குப் பின்னால் அவளும்தான் நின்றவள். சட்டியைத் தூக்கினாள். அடுப்பை விட்டாள். திரும்பிப் பார்க்காமல் நடந்தாள், அவ்வளவு வேகமாக, தலையைக் குனிந்துகொண்டு. பற்றைகளைத் தாண்டினாள். காய்ந்த கற்களுக்குள் இறங்கினாள். இறங்கியதும் அவள் எங்களுக்குத் தெரியாமல் போனாள்.

அந்த நேரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. மகள் என் கையை நகத்தால் அழுத்திய தடம் பிறகு பல நாள் கிடந்தது. தண்ணீர் மேட்டின்மேல் ஏறி, அடுப்பைத் தொட்டு, சாய்த்து, எடுத்துக்கொண்டு போனது. சாமான் பை மிதந்தது. நான் துவாயை ஆட்டுவதை நிறுத்தவில்லை. பார்க்க ஆள் இல்லை என்று தெரிந்தும் ஆட்டினேன்.

“அங்கே,” என்றார் பெரியவர். தூரக்கண்ணாடியை என் கண்ணில் வைத்தார். மற்றக் கரையில், முதல் மரத்துக்குக் கீழே, சட்டியோடு ஒரு உருவம் ஏறிக்கொண்டிருந்தது. மேலே போய்ச் சட்டியை வைத்துவிட்டுத் திரும்பியது. தான் நின்ற இடத்தைத் தேடியது. அங்கே கரையிலிருந்து கரைவரை பழுப்புத் தண்ணீர் ஓடியது. அவள் மெதுவாக நிலத்தில் குந்தினாள்.

நான் இரண்டு கைகளையும் மேலே தூக்கினேன்.

மற்றக் கரைக்குப் போகக் கீழே அரை மணித்தியால நடையில் ஒரு மரப்பாலம் இருந்தது. பெரியவர் வரவில்லை. “நான் இங்கேயே நிற்கிறேன். அவருக்கு இந்தப் பக்கம் ஒரு ஆள் தெரிந்தபடி இருக்கட்டும்,” என்றார். நாங்கள் நனைந்த உடுப்போடு ஓடினோம், நடந்தோம், ஓடினோம். பாலத்தில் நான் கீழே பார்க்கவில்லை. அவள் எழும்பி எங்களைத் தேடிக் கரைக்கு இறங்கிவிடுவாளோ என்று அந்தப் பாதை முழுக்க எனக்குப் பயம். மகள் முன்னால் ஓடிப்போய் அம்மா அம்மா என்று கத்துவது கேட்டது. பிறகு கத்துவது நின்றது. நின்றது நல்லதற்கா கெட்டதற்கா என்று தெரியாமல் கடைசி வளைவைத் தாண்டினேன்.

மனைவி ஒரு வேரில் இருந்தாள். சட்டி அவளுடைய இரண்டு பாதங்களுக்கும் நடுவில், மூடி பிடிதுணியால் கட்டியபடி. மகள் அவளுடைய தோளில் முகம் வைத்திருந்தாள். மனைவி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“அந்தப் பெரியவரும் மூக்கைப் பொத்தினவர். நான் கண்டனான்.”

நான் பக்கத்தில் குந்தி, நடந்ததை எல்லாம் சொன்னேன். பலகை, சாரம், அணைக்கட்டு, பழைய ஆறு. அவள் ஆற்றைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“அப்ப மணம் வரேல்லையோ?”

“இல்லை.”

“நான் மேட்டுக்குப் போகமுந்தி? அப்ப வந்ததோ?”

பொய் சொல்ல எனக்கு நல்ல பழக்கம் உண்டு. அன்று வாய் வரவில்லை.

“வரேல்லை. வந்திடுமோ எண்டு பயந்து ஆட்டினனான்.”

மகள் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் கெட்ட செய்தி சொல்லமுன் இப்படித்தான் பார்ப்பாளாக்கும்.

“நான் அங்கால போகேக்க என்ன நினைச்சனான் தெரியுமோ?” என்றாள் மனைவி. “இன்னும் எவ்வளவு தூரம் போனால் இந்த மனுசனுக்குக் காணும் எண்டு.”

சட்டியை நான் தூக்கிக்கொண்டேன். பாரமாக இருந்தது. பாலத்தில் அவள் என் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். எனக்காகவா தனக்காகவா என்று நான் கேட்கவில்லை.

கேரவனுக்கு வந்ததும் அவள் உடுப்பு மாற்றவில்லை. சட்டியை என்னிடமிருந்து வாங்கி நேரே உள்ளே கொண்டுபோனாள். அங்கே ஒரு நாளும் பற்றவைக்காத அடுப்பைப் பற்றவைத்தாள். பாதியில் விட்ட குழம்பைக் கொதிக்கவிட்டாள். தாச்சியில் எண்ணெய் விட்டு, உள்ளே மிச்சமிருந்த செத்தல் மிளகாயும் வெந்தயமும் பெருஞ்சீரகமும் போட்டு, புகை திரைச்சீலை வரை எழும்பத் தாளித்துக் கொட்டினாள். பிறகு ஜன்னல்களைச் சாத்தினாள். ஒவ்வொன்றாக, என்னைப் பார்த்தபடி. நான் வாசற்படியில் நின்று இருமினேன். தலைமைச் சமையல்காரரின் மனைவியின் மூக்கு எனக்குக் கண்முன் வந்தது. அதைப் பற்றிப் பிறகு பயப்படலாம் என்று தள்ளிவைத்தேன். அப்படித் தள்ளிவைப்பது எனக்குப் புதிது.

பெரியவரைச் சாப்பிடக் கூப்பிட்டோம். தன் கோப்பையையும் முள்ளுக்கரண்டியையும் தானே கொண்டுவந்தார். முதல் வாயில் அவருடைய காது சிவந்தது, கண் நிறைந்தது. பாணைத் தொட்டுத் தொட்டு நிறுத்தாமல் சாப்பிட்டார். நடுவில் ஒருதரம் கரண்டியை வைத்துவிட்டு என்னிடம் ஒரு பாவமன்னிப்புக் கேட்டார். இரண்டு நாளாக அந்தப் பலகையின்மேல் துணி கிடந்ததைத் தான் பார்த்துக்கொண்டுதான் இருந்தாராம். சொல்லவேண்டும் என்று இரண்டு தரம் கதிரையிலிருந்து எழும்பினாராம். ஆனால் முன்பின் தெரியாத ஒருவரிடம் போய் அவருடைய துணியைப் பற்றிப் பேசுவது எப்படி, தப்பாக நினைத்துவிட்டால் என்ன செய்வது என்று திரும்பவும் கதிரையில் இருந்துவிட்டாராம்.

நான் அவரைப் பார்த்தேன். அறுபது அடிக்குள் பயந்துபோய் இருந்த இரண்டு ஆண்கள், ஒருவர் துணியைப் பற்றிச் சொல்லப் பயந்து, மற்றவர் குழம்பு மணக்குமென்று பயந்து. நடுவில் என் மனைவி ஆற்றுக்குள்.

மனைவி அவருக்கு இரண்டாம் தரம் குழம்பு விட்டுக்கொண்டே, என்ன சொல்லுறார் என்று கேட்டாள். மகள் சொன்னாள். பெரியவர் உடனே இன்னொன்றும் சேர்த்துச் சொன்னார். தான் அங்கே நின்று மூக்கைப் பொத்தியது வெறும் உதவிக்குத்தான், சத்தியமாகத் தனக்கு ஒரு மணமும் வரவில்லை, தயவுசெய்து இதை அம்மாவிடம் சொல்லவேண்டும் என்று. மகள் அதையும் தமிழில் சொன்னாள்.

மனைவி சட்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அன்று முதல்தரமாக அவளுடைய முகத்தில் சிரிப்புப்போல ஒன்று வந்தது. முழுச் சிரிப்பு இல்லை.

“அவரிட்டச் சொல்லு பிள்ளை,” என்றாள். “இந்த மனுசனுக்கு முப்பது வருசமா வருகுது எண்டு.”

நான் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். மகள் ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயர்த்தாள்.